மூக்கைச் சீரமைக்கும் முன் நேரத்தைக் கணக்கிடுங்கள்

மூக்கைத் திருத்தும் அறுவை சிகிச்சை செய்துகொள்ள எண்ணுபவர், மருத்துவரிடம் நாள் குறிப்பதற்கு முன் ஒரு வாரம் குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. கண்ணாடி முன் நிற்பதிலும், கைபேசிப் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பதிலும், "கோணலாகவா தெரிகிறது?" என்று வீட்டாரைத் திரும்பத் திரும்பக் கேட்பதிலும் நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் போகிறது என்பதை அதில் எழுதுங்கள். அது ஒரு மணி நேரத்தைத் தாண்டி, மூக்கை எண்ணிக் கல்யாண வீடுகளையும் வகுப்பையும் தவிர்க்கும் நிலையும் இருந்தால், முதலில் பார்க்க வேண்டியவர் மனநல மருத்துவர்.

பிறருக்குத் தெரியாத, அல்லது மிகச் சிறியதாகத் தெரியும் குறை ஒருவரை இப்படி ஆட்டிப்படைப்பதை 1891இலேயே இத்தாலிய மருத்துவர் என்ரிக்கோ மோர்செல்லி விவரித்தார். இன்று 'பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர்' எனப்படும் இதனை, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு வகைப்பாடு ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் எண்ணச் சுழற்சி நோயின் (ஓசிடி) குடும்பத்தில் சேர்த்திருக்கிறது. இந்நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அறுவை நிறைவு தருவதில்லை. மூக்கு மாறினாலும் கவலை அங்கேயே நிற்கும், இல்லையெனில் தாடைக்கோ தோலுக்கோ இடம் மாறும். அறுவையை விரும்புவோர் எல்லாரும் நோயாளிகள் அல்லர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

செல்ஃபியைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டபடி, ஓரடி தொலைவில் எடுக்கும் படத்தில், ஐந்தடியில் எடுத்ததைவிட மூக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு அகலமாகத் தெரிகிறது.

ஆசை எப்போது தொடங்கியது என்பதையும் எழுதுங்கள். பெண் பார்க்க வந்தவர் சொல்லிப்போன ஒரு சொல்லில் தொடங்கியிருந்தால், அந்தச் சொல்லுக்காக உடலில் கத்தி வைக்க வேண்டுமா என்பது, என் கருத்தில், முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அறுவை மருத்துவரிடம் குறிப்பேட்டைக் காட்டுங்கள். முன்பு செய்த சிகிச்சைகளை மறைக்காதீர்கள். வீக்கம் முழுவதும் வடிந்து இறுதி வடிவம் தெரிய ஓராண்டு வரை ஆகலாம் என்பதால், திருமணத்துக்கு மூன்று மாதம் முன் செய்துகொள்வது சரியான திட்டமாகாது.

வீட்டார் "நன்றாகத்தானே இருக்கிறது" என்று நாளும் ஆறுதல் சொல்வது அந்தக் கணத்துக்கு மட்டுமே உதவும். சற்று நேரத்தில் கேள்வி திரும்பி வரும். எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றப் பயிற்றும் அறிதல் நடத்தைச் சிகிச்சையும் (சிபிடி), மனச்சோர்வுக்கும் தரப்படும், மருத்துவர் எழுதித் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகளும் இந்நோய்க்குப் பயன் தருகின்றன. மாத்திரையின் பலன் தெரியப் பன்னிரண்டு வாரம் வரை பொறுக்க வேண்டியிருக்கும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் காத்திருக்காமல், இந்தியாவில் எந்நேரமும் இயங்கும் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழையுங்கள்.