கிரிப்டோ ஆப் போட்டிக்கு கோட் எழுத முன்னம் பரிசுக் காசைக் கணக்குப் பாக்கிறது எப்பிடி

பரிசு 100,000 டொலர் எண்டு பெரிசா போட்டிருந்தா உடன லப்டொப்பைத் திறக்காதேங்கோ, முதல்ல ரூல்ஸை வடிவா வாசிச்சு அந்தக் காசு எத்தின பேருக்கு எப்பிடிப் பிரியுது எண்டு பாருங்கோ. யாழ் கீக் சலஞ்ச் மாதிரி எங்கட ஊர்ப் போட்டியில நடுவரை நேரில பாத்து ஏன் எனக்கு மார்க்ஸ் குறைஞ்சது எண்டு கேக்கலாம், கிரிப்டோ போட்டியில அப்பிடி ஏலாது, எல்லாம் ஒன்லைன், எல்லாம் வெளிநாட்டில, அதால ரூல்ஸ்தான் உங்களுக்கு இருக்கிற ஒரே பிடி. திருநெல்வேலியிலயும் கொக்குவிலிலயும் ரூம் எடுத்து விடிய விடிய கோட் அடிக்கிற பொடியள் பெட்டையளுக்காகத்தான் இதை எழுதுறன், அவையின்ட உழைப்பு சும்மா போகக் கூடாது.

முதலாவது இடத்துக்கு என்ன எண்டு பாக்காதேங்கோ, பத்தாவது இடத்துக்கு என்ன, இருவதாவது இடத்துக்கு என்ன எண்டு பாருங்கோ. நல்ல உதாரணம் ப்ளொக்ஸ்டாக் எண்ட ப்ளொக்செயின் திட்டம் (இப்ப ஸ்டாக்ஸ் எண்டு பேர்) 2018 இல தொடங்கின ஆப் மைனிங் எண்ட பரிசுத் திட்டம். அதில மாசாமாசம் ஆப்புகளை ரேங்க் பண்ணி காசு குடுத்தவை, முதல் ஆப்புக்கு மொத்தத்தில 20 வீதம், அடுத்ததுக்கு மிச்சத்தில 20 வீதம், அதுக்கடுத்ததுக்கு அதின்ட மிச்சத்தில 20 வீதம், இப்பிடியே கீழ போகும். கேக்க நல்லாத்தான் இருக்கு, எல்லாருக்கும் ஏதோ கிடைக்குதுதானே எண்டு நினைப்பியள். கல்குலேட்டரை எடுங்கோ. மாசம் 100,000 டொலர் எண்டு வைச்சா முதலாம் ஆள் 20,000, ரெண்டாம் ஆள் 16,000, மூண்டாம் ஆள் 12,800, பத்தாம் ஆளுக்கு கிட்டத்தட்ட 2,684, இருவதாம் ஆளுக்கு 288, முப்பதாம் ஆளுக்கு 31 டொலர், நாப்பதாம் ஆளுக்கு 3 டொலர் சொச்சம். முதல் அஞ்சு பேரே 67 வீதத்தைக் கொண்டு போகினம், முதல் பத்துப் பேர் 89 வீதம். இருவதாவது ஆப் பத்தாவது ஆப்பை விட ஒன்பது மடங்கு மோசமோ? அப்பிடி இல்லையே. ரேங்கில ஒரு இடம் வழுக்கினா காசில அஞ்சில ஒண்டு போகும், ஆனா அந்த ரெண்டு ஆப்புக்கும் மார்க்ஸ் வித்தியாசம் கால் புள்ளியாக் கூட இருக்கலாம். என்ர பார்வையில அநியாயம் இஞ்சதான் இருக்கு, மார்க்ஸுக்கு ஏத்த மாதிரி காசைப் பிரிக்காம ரேங்குக்கு ஏத்த மாதிரி பிரிக்கிறது. 2020 இல அந்தத் திட்டத்தையே நிப்பாட்டிட்டினம், எண்டாலும் அதே மாதிரிப் பிரிக்கிற போட்டி இன்னும் வரலாம், அதால ஒரு ஸ்ப்ரெட்ஷீற்றில இந்தக் கணக்கைப் போட்டு வைச்சிருங்கோ, தொகையும் வீதமும் மட்டும் மாத்தினாக் காணும்.

அடுத்தது ஆர் மார்க்ஸ் போடினம் எண்டு பாக்க வேணும். ஆப் மைனிங்கில ப்ரொடக்ட் ஹன்ட் (புது ஆப்புகளுக்கு சனம் வாக்குப் போடுற தளம்), டெமோக்ரசி ஏர்த் (வாக்கெடுப்பு நடத்தின அமைப்பு), ட்ரைமையூஐ (ஆப்பைச் சனத்தைக் கொண்டு பாவிச்சுப் பாக்க வைச்ச கொம்பனி) எண்டு வெளியாக்களை வைச்சு மார்க்ஸ் எடுத்தவை, ஒராளின்ட கையில மட்டும் இல்லாதது நல்லம். ஆனா அப்வோட் (ஒன்லைனில சனம் போடுற வாக்கு) எண்டு வந்தா கூட்டாளி கனக்க உள்ளவைதான் மேல வருவினம், சான் பிரான்சிஸ்கோவில இருக்கிற ஒராளுக்கு இருக்கிற பழக்கம் சுன்னாகத்தில இருக்கிற தங்கச்சிக்கு இராது. ப்ரொடக்ட் ஹன்ட்டில போடுறதெண்டா ஒண்டு தெரிஞ்சு வைச்சிருங்கோ, அங்க நாள் தொடங்கிறது கலிபோர்னியா நடுச்சாமம், எங்களுக்கு மத்தியானம் பன்ரெண்டரை (அவையின்ட குளிர்காலத்தில ஒண்டரை). எங்கட விடியக்காலையில போட்டா அந்த நாள் முடியிற நேரத்திலதான் உங்கட ஆப் உள்ள போகும்.

வாக்கை வேற மாதிரி எண்ணுறதும் இருக்கு. கிட்கொயின் எண்ட நிதி குடுக்கிற தளம் 2019 இல தொடங்கின குவாட்ராட்டிக் ஃபண்டிங்கில ஒவ்வொருத்தர் குடுத்த காசின்ட வர்க்கமூலத்தையும் கூட்டி அந்தக் கூட்டுத்தொகையை வர்க்கிப்பினம், பிறகு பொதுப் பணத்தை அந்த அளவில பிரிப்பினம். ஒராள் 100 டொலர் குடுத்தா அது 100 தான், நூறு பேர் ஆளுக்கு ஒரு டொலர் குடுத்தா கணக்கில 10,000. எங்கள மாதிரி பெரிய காசுக்காரர் பின்னால இல்லாதவைக்கு இது நல்ல முறை, ஊர்ச் சனம் சின்னச் சின்னதாக் குடுத்தாலே எடுபடும். ஒரே ஆள் நூறு கள்ள எக்கவுண்ட் திறந்தா எல்லாம் குழம்பும், அதால அதைப் பிடிக்க என்ன செய்யினம் எண்டு ரூல்ஸில தேடுங்கோ, ஒண்டும் எழுதேல்லையெண்டா இறங்காதேங்கோ. ஒப்டிமிசம் எண்ட ப்ளொக்செயின் குடுத்தது இன்னொரு விதம், செய்து முடிச்சு சனம் பாவிச்ச வேலைக்குப் பிறகுதான் காசு. மூண்டாவது ரவுண்டில 30 மில்லியன் ஓபி டோக்கனை (அவையின்ட சொந்தக் கிரிப்டோ காசு) 501 ப்ரொஜெக்ட்டுக்குப் பிரிச்சவை. லைப்ரரி, டூல் மாதிரி கண்ணுக்குத் தெரியாத வேலை செய்யிறவைக்கு பரிசுப் போட்டியை விட இது எவ்வளவோ மேல்.

இனிக் காசு கைக்கு வாற கதை. டொலரில சொல்லிப்போட்டு டோக்கனில தருவினமெண்டா எந்த நாள் விலைக்கு எண்டு எழுத்தில கேளுங்கோ. ரிசல்ட் வந்த நாள் ஒரு விலை, அனுப்பிற நாள் வேற விலை. லொக் (கொஞ்ச நாளைக்கு விக்க ஏலாத கட்டுப்பாடு) இருக்கோ, பரிசை க்ளெய்ம் பண்ணி எடுக்க காஸ் ஃபீ (ப்ளொக்செயினுக்குக் கட்டுற கட்டணம்) ஆர் கட்டுறது எண்டும் கேளுங்கோ, எதிரியம் ப்ளொக்செயின்ட மெயின்நெட்டில (பிரதான வலையமைப்பு) நெரிசலான நேரத்தில 31 டொலர் பரிசை எடுக்கப் போய் ஃபீயிலயே பாதி போகலாம். இலங்கையில கிரிப்டோ வாங்க பாங்க் கார்ட் பாவிக்க ஏலாது எண்டு மத்திய வங்கி 2021 இலயே சொல்லிட்டுது, கிடைச்ச டோக்கனைக் காசாக்கிறதும் வில்லங்கமாகலாம், அதால பாங்குக்கு நேர அனுப்புவியளோ எண்டு முதலே கேக்கிறது நல்லம். தெரியாத ஆளுக்கு பீடூபீயில (ஆளுக்கு ஆள் நேர விக்கிற முறை) வித்து அந்த ஆள் போட்ட காசு களவுக் காசாப் போனா பாங்க் உங்களைத்தான் கேக்கும்.

கேவைசியும் (காசு தர முதல் ஆள் ஆரெண்டு உறுதிப்படுத்திறது) எங்களுக்குத் தனிப் பிரச்சினை. அப்பாவின்ட பேர் முன்னுக்கு, ஐசியில இனிஷியல், பாஸ்போட்டில வேற ஸ்பெல்லிங், ஃபோமில ஃபர்ஸ்ட் நேம் லாஸ்ட் நேம் எண்டு கேக்கும். பதியிற நேரமே பாஸ்போட்டில உள்ளதை எழுத்துக்கு எழுத்துப் போடுங்கோ, வெண்ட பிறகு மாத்த வெளிக்கிட்டா இழுபடும்.

டீமுக்குள்ள நியாயம் இல்லாம வெளியாக்களிட்ட நியாயம் கேக்கிறதும் சரியில்ல. ஆர் எத்தின வீதம் எண்டு முதல் நாளே எழுதி எல்லாரும் ஓம் எண்டு சொல்லோணும், டிசைன் செய்த பிள்ளையையும் வீடியோவுக்கு இங்கிலிஷில கதைச்சவரையும் சேத்து, ஏனெண்டா கிட்ஹப் கமிட்டில (கோட் சேமிக்கிற தளத்தில ஆர் என்ன எழுதினது எண்ட பதிவு) அவையின்ட வேலை தெரியாது. பரிசுக் கிரிப்டோ வந்து சேருற வொலற் ஒராளின்ட ஃபோனில இருக்க வேண்டாம், சேஃப் மாதிரி மல்டிசிக் (பல பேர் கையெழுத்துப் போடுற) வொலற்றில மூண்டு பேரில ரெண்டு பேர் கையெழுத்து எண்டு வையுங்கோ.

ரிசல்ட்டில பிழை தெரிஞ்சா ருவிட்டரில கத்த முதல் ஒரு மெயில் போடுங்கோ. ரூல்ஸின்ட எந்த வரி, உங்கட மார்க்ஸ் எவ்வளவு, மேல வந்த ஆப்பின்ட மார்க்ஸ் எவ்வளவு, ஒவ்வொரு நடுவரும் போட்ட மார்க்ஸைத் தனித்தனியாத் தர ஏலுமோ, இவ்வளவும் காணும். ரூல்ஸ் பக்கத்தை பதிஞ்ச நாளே ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வைச்சிருந்தா பிறகு மாத்தினாலும் காட்டலாம். மார்க்ஸைத் தரமாட்டம் எண்டு பதில் வந்தா அடுத்த மாசம் அந்தப் போட்டிக்கு ஒரு மணித்தியாலமும் செலவழிக்காதேங்கோ, அதே ஆப்பை வைச்சு மைல்ஸ்டோன் (வேலையின்ட ஒவ்வொரு கட்டம்) முடிய முடியக் காசு தாற கிராண்ட் (நிதி உதவி) ஒண்டுக்கு அப்ளை பண்ணுங்கோ, முதல் தவணையைத் தொடக்கத்திலேயே தருவினமோ எண்டும் கேளுங்கோ.