தோளை விடுங்கள், இடுப்பைப் பிடியுங்கள்

பெருமூளை வாதம் (செரிபிரல் பால்சி, மூளை பாதிப்பால் உடல் அசைவைக் கட்டுப்படுத்த முடியாத நிலை) உள்ள பிள்ளை உட்கார்ந்ததும் சரிந்தால், நம் கை தானாகத் தோளுக்குத்தான் போகும். அப்படிப் பிடித்தால் நிமிர்த்தும் வேலையை நாமே செய்துவிடுகிறோம். வயிற்றுக்கும் முதுகுக்கும் வேலையே இல்லை. அவற்றுக்கு வேலை கொடுக்கும் பயிற்சி இது.

தரையில் காலை நீட்டி உட்கார வைக்காதீர்கள். பின்தொடைத் தசை இறுகியிருந்தால் அது இடுப்பெலும்பைப் பின்னால் சாய்த்து முதுகைக் கூன வைக்கும். சாய்மானம் இல்லாத ஸ்டூல் போதும். முழங்கால் 90 டிகிரி மடங்கி, பாதம் முழுக்கத் தரையில் பதிய வேண்டும். எட்டாவிட்டால் காலுக்கடியில் பலகை. கால் அந்தரத்தில் தொங்கினால் உடம்பு ஊன்ற இடமில்லாமல் தொடை இறுகும்.

பின்னால் மண்டியிட்டு, இடுப்பெலும்பின் இருபுறமும் கை வைத்து லேசாகக் கீழ்நோக்கி அழுத்துங்கள். கூனினால் கட்டைவிரல்களால் பின்பக்கத்தை மெல்ல முன்னே தள்ளுங்கள். எதிரே இன்னொருவர், கை எட்டுவதற்கு 2 அங்குலம் தள்ளி, நெஞ்சு உயரத்தில் பொம்மையைக் காட்டட்டும். முதலில் நேரே, பிறகு பக்கவாட்டில், பழகியபின் வலக்கையால் இடப்பக்கப் பொம்மையை எடுக்கும்படி. எட்டுவது பாதி வேலைதான். திரும்பி நிமிர்வதில்தான் நடுவுடம்பு உழைக்கிறது. உடனே தூக்கி நிமிர்த்தாமல் 5 எண்ணும்வரை பொறுங்கள். பக்கத்துக்கு 5 முறை, நடுவே ஓய்வு. மொத்தம் 10 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

கண் பிள்ளையின் விரல்கள்மேல் இருக்கட்டும். கை முஷ்டியாகிறதா, கால்விரல் சுருள்கிறதா, தொடைகள் ஒட்டுகின்றனவா? அப்படியென்றால் பொம்மை தூரமாக இருக்கிறது, கிட்டே கொண்டுவாருங்கள். பேசும் பிள்ளை என்றால் உரக்க எண்ணச் சொல்லுங்கள், மூச்சைப் பிடித்தால் எண்ணிக்கை நின்றுவிடும்.

ஜிம் பந்துக்கு (மேலே உட்காரும் பெரிய காற்றுப் பந்து) அவசரம் வேண்டாம். ஸ்டூலில் அரை நிமிடமாவது தானாக நிமிர்ந்திருக்கும் பிள்ளைக்கே அது. காற்றைச் சற்றுக் குறைத்தால் மெதுவாக உருளும்.

சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குப் பயிற்சி கூடாது. தொடையை விரித்தால் அழுகிறது, ஒரு கால் குட்டையாகத் தெரிகிறது என்றால் இடுப்பு மூட்டு நழுவியிருக்கலாம். நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அறுவை சிகிச்சை முடிந்த பிள்ளை, வலிப்பு அடங்காத பிள்ளை என்றால் பிசியோதெரபிஸ்ட் பார்த்த பிறகே தொடங்கலாம்.

பிடியைத் தளர்த்துவதும் படிப்படியாகத்தான்: முதலில் அழுத்தத்தைக் குறையுங்கள், பிறகு ஒரு கையை எடுங்கள், அடுத்து விரல் நுனி மட்டும். சரிந்தால் முந்தைய படிக்கே திரும்புங்கள்.