முதல் ஏஏ மீட்டிங்குக்குப் போவது எப்படி: ராயபுரம் முதல் எண்ணூர் வரை இருப்பவர்களுக்கு

சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் சொட்டுகூடத் தொடாமல் இருந்தவர், மலையிறங்கி மாலையைக் கழற்றிய அன்றைக்கே கடை வாசலில் நிற்பார். நம் ஏரியாவில் இதைப் பார்க்காத தெருவே இல்லை. நானே நான்கு வருஷம் அப்படி இருந்தவன். அந்த நாட்களில் நிறுத்த முடிந்ததற்கு பக்தி மட்டும் காரணமில்லை. கூடவே பத்து சாமிகள், தினமும் ஒரே இடத்தில் பஜனை, மனசு தடுமாறினால் கூப்பிட ஒரு குருசாமி என்று ஒரு கூட்டமே என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஏஏ என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் அமைப்பு, கிட்டத்தட்ட அதேதான், கழற்றுவதற்கு மாலை மட்டும் கிடையாது.

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடியால் நொந்துபோன இரண்டு பேர், ஒருவர் பங்குச்சந்தைக்காரர், இன்னொருவர் டாக்டர், உட்கார்ந்து பேசியதில் ஆரம்பித்தது. கட்டணம் கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது, ஆதார் கேட்க மாட்டார்கள். குடியை நிறுத்தணும் என்ற ஆசை இருந்தால் போதும்.

ஆனால் ஒன்று. காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு கட்டிங் போனால்தான் நடுக்கம் நிற்கிறது என்ற நிலையில் இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். அப்படிப்பட்டவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் வாக்கில் இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குழப்பம் வரலாம், உயிரே போகலாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் தூரமில்லை. "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், கேட்டுவிட்டுப் போகட்டும்.

மீட்டிங்கைக் கண்டுபிடிக்க இரண்டு வழி. ஏஏ இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகப் பட்டியல் பார்க்கலாம். அல்லது 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணைக் கூப்பிட்டுக் கேட்கலாம், அதற்குக் காசு கிடையாது. பெரும்பாலும் சர்ச்சிலோ பள்ளிக்கூடத்திலோ ஒரு அறையை வாங்கி நடத்துவார்கள், இடம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் கிளம்புவதற்கு முன் போன் பண்ணி, தமிழில் நடக்கிறதா, ஓப்பன் மீட்டிங்கா க்ளோஸ்டா, எந்த கேட் வழியாக வரணும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓப்பன் என்றால் மனைவியையோ நண்பரையோ கூட்டிக்கொண்டு போகலாம், க்ளோஸ்டு குடிநோயாளிகளுக்கு மட்டும். எந்த கேட் என்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். முதல் நாள் நான் தப்பான கேட்டில் இருபது நிமிஷம் நின்று, எதிரே டீ குடித்துவிட்டு, "இன்னைக்கு விதியில்லை" என்று வீட்டுக்குத் திரும்பியவன்.

எந்த மீட்டிங் நல்லது என்று யோசிக்காதீர்கள், நேரத்தையும் வழியையும் பாருங்கள். நீங்கள் வழக்கமாகக் குடிக்க உட்காரும் நேரம் எதுவோ அந்த நேரத்தில் நடக்கும் மீட்டிங்தான் உங்களுக்கானது. ஏழு மணிக்குக் கால் தானாக டாஸ்மாக் பக்கம் திரும்புகிறவருக்கு ஞாயிறு காலை மீட்டிங் மட்டும் பத்தாது. கடை இல்லாத தெருவாகப் பார்த்துப் போங்கள், சுற்றாக இருந்தாலும் பரவாயில்லை. ஏரியாக்காரன் எவனாவது பார்த்துவிடுவானே என்று பயமா? விம்கோ நகரிலோ தண்டையார்பேட்டையிலோ மெட்ரோ ஏறி வேறு பேட்டைக்குப் போய்விடுங்கள். அங்கேயும் தெரிந்த முகம் இருந்தால், அவரும் உங்களைப் போலத்தான் வந்திருக்கிறார்.

உள்ளே என்ன நடக்கும்? பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ, குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் பன்னிரண்டு படிகளை எழுதிச் சுவரில் ஒட்டிய தாள். ஒரு பிரார்த்தனை. பிறகு ஒவ்வொருவராக "என் பேர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கி அவரவர் கதையைச் சொல்வார்கள். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், புத்தி சொல்ல மாட்டார்கள். நான் போன அன்று ஒரு பெரியவர், பெண்டாட்டி தாலியை அடகு வைத்த ரசீதைப் பல வருஷம் சட்டைப் பையிலேயே வைத்திருந்ததைப் பற்றிச் சொன்னார். எனக்குக் காது சூடானது, என் பையிலும் ஒன்று இருந்தது. உங்கள் முறை வந்தால் "இன்னைக்குக் கேட்டுக்கறேன்" என்று சொன்னால் போதும். பை ஒன்று சுற்றி வரும், இருந்தால் பத்து ரூபாய் போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்தவரிடம் தள்ளுங்கள்.

சாமி பேச்சு அடிக்கடி வரும். "நாம் புரிந்துகொண்டபடி" என்று அவர்களே சேர்த்துச் சொல்கிறார்கள், அதனால் முருகனோ மாதாவோ யாருமே இல்லையோ, அது உங்கள் பாடு.

வீட்டில் இருப்பவர்களுக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டங்கள் உண்டு. அவர்களிடம் ஒரு வார்த்தை: சுவர் போஸ்டரைப் பார்த்து, அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் எந்த மருந்தையும் கலக்காதீர்கள். அதில் சில, மேலே சரக்கு போனால் ஆளையே சாய்த்துவிடும்.

நடுவில் ஒருநாள் குடித்துவிட்டால்? மறுநாள் போங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். முதல் மீட்டிங்கிலேயே இரண்டு மூன்று பேர் நம்பரை வாங்கிவைத்து, ஒன்றுமே இல்லாத ஒரு நாளில் "சும்மாதான் கூப்பிட்டேன்" என்று ஒருமுறை பேசிப் பழகுங்கள். கடை வாசலில் நிற்கும்போது முதல் தடவையாக ஒருவரைக் கூப்பிட வாய் வராது.