அட்லாண்டிக் அடிமை வணிகம் பெருகிய காரணங்களை எழுதும் முறை

ஆப்பிரிக்கர்களை அட்லாண்டிக் கடல் கடத்தி அமெரிக்காவில் அடிமைகளாக விற்ற வணிகம் ஏன் பெருகியது என்ற கேள்விக்கு, விடையைக் கரும்பிலிருந்து தொடங்குங்கள். 1640-களில் கரீபியப் பகுதியில் ஆங்கிலேயர் வசமிருந்த பார்படோஸ் தீவு புகையிலையையும் பருத்தியையும் விட்டுக் கரும்புக்கு மாறியதையும், வெட்டிய கரும்பு புளிப்பதற்குள் ஆலையில் பிழிய வேண்டியிருந்ததால் அறுவடைக் காலத்தில் இரவு பகலாக ஆள் தேவைப்பட்டதையும், அவ்வுழைப்பில் அடிமைகள் விரைவில் மடிந்ததால் தோட்ட முதலாளிகள் மேலும் மேலும் ஆட்களை வாங்கியதையும் ஒரே தொடராகக் காட்டுங்கள். பெரியம்மை போன்ற நோய்களால் அமெரிக்கப் பழங்குடியினர் பெருமளவில் அழிந்து, உள்ளூரில் உழைக்க ஆள் குறைந்ததை ஒரு வரியில் சொன்னால் போதும். அடுத்து, 1698-இல் ஆப்பிரிக்க வணிகத்தில் இங்கிலாந்தின் ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனிக்கு இருந்த முற்றுரிமை நீங்கியதும், அந்நாட்டுத் துறைமுகங்களான பிரிஸ்டலின் வணிகர்களும், பின்னர் லிவர்பூலின் வணிகர்களும் இத்தொழிலில் பெருகியதைச் சேருங்கள். ஆப்பிரிக்கக் கரையில் துப்பாக்கிக்கும் துணிக்கும் போர்க்கைதிகளை விற்ற அரசுகளைக் குறிப்பிடும்போது, அத்துணியில் ஒரு பகுதி நம் சோழமண்டலக் கரையில் நெய்யப்பட்டது என்பதையும் (பலர் கவனிக்காத செய்தி இது) விட்டுவிடாதீர்கள்.