எஞ்சின் அறை ஒயர்களை மறைத்து ஒழுங்காக்க

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டப் பாதைகளில் ஓடும் காருக்கு ஒயரை மறைப்பது அழகுக்காக மட்டுமல்ல. செம்மண் தூசு, மழை இரண்டிலிருந்தும் அது காப்பு.

எஞ்சின் நன்றாக ஆறியதும் பாட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். அவிழ்க்கும் முன் கைப்பேசியில் படம் எடுத்து, ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் எண் ஒட்டுங்கள்.

வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய பழைய இணைப்புகளைத் தேடி வெட்டுங்கள். ஈரம் புகுந்து செம்பு பச்சை பூத்திருக்கும். இரு முனைகளையும் உலோகக் குழலில் விட்டு இடுக்கியால் நசுக்கி (கிரிம்ப் செய்து), சூட்டில் சுருங்கும் பசைக் குழாயால் மூடுங்கள். சாதாரண பிவிசி டேப் வேண்டவே வேண்டாம், சூட்டில் பசை இளகி வழியும். துணி டேப் சுற்றி, பிளவுள்ள நெளிகுழாய்க்குள் விடுங்கள். பிளவு கீழ்நோக்கி இருந்தால் தண்ணீர் வடியும்.

இனி பாதை. ஃபெண்டரின் (முன்சக்கரத்தின் மேலுள்ள தகட்டின்) உள்விளிம்பை ஒட்டிக் கொண்டுபோங்கள். புகைபோக்கிக் குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். பலர் சறுக்குவது இங்கேதான்: எஞ்சின் தன்னைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் மீது ஆடும், காரின் பாடி ஆடாது. இரண்டுக்கும் நடுவே ஒயரை இழுத்துக் கட்டினால் உறைக்குள்ளேயே செம்பு அறுந்து, டேஷ்போர்டில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு எரியும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. அங்கே மூன்று விரல் தளர்வு விடுங்கள். சென்சர் ஒயரை இக்னிஷன் காயில் (coil) கேபிளோடும் ஆல்டர்னேட்டர் கேபிளோடும் சேர்த்துக் கட்டாதீர்கள். எர்த் ஒயரின் முனை காரின் பாடியில் உட்காரும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டுங்கள்.

எலி நெளிகுழாயையும் கடிக்கும். வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து பாருங்கள்.