மிஷினின் நாடியா, மனிசரின் நாடியா: கையில் கட்டும் நாடிக்கருவி செய்யும் விதம்

போன காலபோகத்துக்கு வயல் உழும்போது, அப்பா லாண்ட்மாஸ்ரரை (கையால் பிடித்து ஓட்டும் இரண்டு சில்லு உழவு மிஷின்) நிற்பாட்டாமலே இடது கையைத் தூக்கிக் காட்டினார். நான் செய்து கட்டிவிட்ட கருவியில் 90. அக்சலேற்றரைக் கொஞ்சம் கூட்டினார், 120. குறைத்தார், திரும்பவும் 90.

"தம்பி, இது என்ர நாடியோ, மிஷின்ர நாடியோ?"

மிஷினுடையதுதான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். எனக்குக் கிளிநொச்சியில் போன் திருத்தும் கடை. ஈயம் ஒட்டத் தெரிந்த, கொஞ்சம் புரோகிராம் எழுதத் தெரிந்த ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். என் கருவி முதல் 3 மாதமும் பிழையாகவே காட்டியது. அந்தப் பிழைகளில் முக்கால்வாசி புரோகிராமில் இருக்கவில்லை, தோலுக்கும் கருவிக்கும் நடுவில் இருந்தன.

வேலை செய்யும் விதம் இதுதான். பச்சை எல்ஈடி தோலுக்குள் வெளிச்சம் விடும், பக்கத்தில் இருக்கும் போட்டோடயோட் திரும்பி வருவதை அளக்கும். இதயம் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் இரத்தம் கூடும், இரத்தம் பச்சை வெளிச்சத்தைக் குடிக்கும், திரும்பி வருவது குறையும். மணிக்கட்டில் அந்த ஏற்ற இறக்கம் மொத்த வெளிச்சத்தில் பலருக்கு நூற்றில் ஒன்றுகூட வராது. 50 கிலோ நெல்மூட்டையில் அரைக் கிலோ கூடிக் குறைவதை, மூட்டை ஆடிக்கொண்டிருக்கும்போதே நிறுக்கிற வேலை. விரல் நுனியில் மாட்டும் ஒட்சிசன் கருவியில் உள்ள சிவப்பும் அகச்சிவப்பும் ஆழமாகப் போகும். அசையாத விரலுக்கு அது நல்லது. ஆடுகிற கைக்குப் பச்சைதான்.

என்னுடையதில் பச்சை எல்ஈடி 2, நடுவில் ஒரு போட்டோடயோட், இடைவெளி 4 மில்லிமீற்றர். கருவியின் மூளை ஈஎஸ்பி32 என்ற சிப். அதிலேயே இருக்கும், வெளிச்சத்தை எண்ணாக மாற்றும் 12 பிற் அளவியை நம்பாதீர்கள். அதில் நாடி அலை முப்பது படிக்குள் முடிந்துவிடும், இரைச்சலும் அதே அளவு வரும். இன்னும் நுணுக்கமாக அளக்கும் ஏடிஎஸ்1115 என்ற 16 பிற் சிப் ஒன்றைச் சேர்த்தேன், அலை வடிவாகத் தெரிந்தது. எங்களுடைய கறுத்தத் தோல் பச்சை வெளிச்சத்தைக் கூடக் குடிக்கும். அதனால் எல்ஈடி மின்னோட்டத்தை ஒரே அளவில் பூட்டி வைக்காமல், ஆளுக்கு ஏற்றபடி கருவியே கூட்டிக் குறைக்கும்படி எழுதுங்கள்.

இனி வெளிச்சம் ஒழுகுவது. எல்ஈடியின் வெளிச்சம் தோலுக்குள் போகாமல் நேரே போட்டோடயோட்டில் விழுந்தால் நாடி அதில் மூழ்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் சுவர் வேண்டும். பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டினேன். கறுப்பு, மெத்தை, காசும் இல்லை. அதே ரியூப்பில் கருவியைச் சுற்றி ஒரு வளையமும் வைத்தேன், எங்கள் வெயில் ஓரத்தால் உள்ளே வராமல் இருக்க. இவ்வளவுக்குப் பிறகும் கொஞ்சம் வரும். அதற்கு எல்ஈடியை எரியவிட்டு ஒரு அளவு, உடனே அணைத்து ஒரு அளவு எடுத்து, முதலாவதில் இருந்து இரண்டாவதைக் கழியுங்கள். வெயில் நேரே விழுந்து போட்டோடயோட் நிறைந்துவிட்டால் கழித்தலும் கைகொடுக்காது. ரியூப்தான் காப்பாற்றும்.

பட்டியின் இறுக்கத்தில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். தளர்ந்தால் கருவி வழுக்கும், இறுக்கினால் தோலில் உள்ள சிறு நாளங்கள் நசிந்து அலை செத்துவிடும். அலையைப் போனில் ஓடவிட்டுக்கொண்டு பட்டியை மெல்ல மெல்ல இறுக்குங்கள். அலை பெருக்கும், ஓரிடத்தில் நின்று, பிறகு சிறுக்கத் தொடங்கும். பெருத்து நின்ற அந்த இடத்தில் பட்டியில் பேனையால் கோடு போடுங்கள். மணிக்கட்டு எலும்பில் இருந்து முழங்கைப் பக்கம் இரண்டு விரல் தள்ளிக் கட்டுங்கள். பக்கத்து வளவு அண்ணைக்கு இடது மணிக்கட்டில் எறிகணைக் காயத் தழும்பு. அதன் மேல் என்ன செய்தும் அலை எழும்பவில்லை. மேற்கையில் கட்டினோம், மணிக்கட்டைவிட நிதானமாக வந்தது. அப்பாவுக்கும் இப்போது மேற்கைதான்.

லாண்ட்மாஸ்ரருக்கு வருவோம். பற்றரியை மிச்சம் பிடிக்க செக்கனுக்கு 25 தரம் மட்டும் அளந்தேன். நாடி நிமிடத்துக்கு 200 அடித்தாலும் செக்கனுக்கு மூன்று சொச்சம்தான், 25 தாராளம் என்று கணக்குப் போட்டேன். நாடிக்கு அது தாராளம், எஞ்சினுக்குக் காணாது. எஞ்சின் நிமிடத்துக்கு 1590 சுற்றுச் சுற்றினால் கைபிடி செக்கனுக்கு 26.5 தரம் அதிரும். 25 தரம் மட்டும் பார்க்கிற கண்ணுக்கு அது 1.5 தரமாகத்தான் தெரியும். அதாவது நிமிடத்துக்கு 90. 1620 சுற்றானால் 27 தரம், மிஞ்சுவது 2, நிமிடத்துக்கு 120. முப்பது சுற்றுக் கூடினால் "நாடியும்" முப்பது கூடும்! ஓடுகிற வண்டியின் சில்லு படத்தில் மெல்லப் பின்னுக்குச் சுற்றுவது போல் தெரியுமே, அதே மாயம்.

இப்படி உள்ளே வந்தபிறகு புரோகிராமில் எழுதும் எந்த வடிகட்டியாலும் பிரிக்க ஏலாது, உண்மையான நாடியும் அதே இடத்தில்தான் இருக்கும். செக்கனுக்கு 100 தரம் அளந்தேன். அதிர்வு 26.5இலேயே நின்றது. செக்கனுக்கு 0.5 முதல் 4 தரம் (ஹேர்ட்ஸ்) வரை மட்டும் விடும் வடிகட்டி அதை வெட்டியது. பற்றரி முந்தியைவிடக் கெதியாக முடிகிறது, பரவாயில்லை.

நடையின் ஆட்டம் இதைவிடக் கள்ளன். நிமிடத்துக்கு 110 அடி வைத்து நடந்தால் அந்த 110 நாடியின் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது, வடிகட்டியால் துரத்த முடியாது. அசைவை அளக்கும் எம்பியூ6050ஐ அதே பட்டியில் வைத்து, நாடி என்று வந்த எண்ணும் அசைவின் எண்ணும் ஒன்றாக இருந்தால் எண்ணைக் காட்டாமல் இரண்டு கோடு மட்டும் போடச் சொன்னேன். சரியான நாடியும் சிலவேளை இதில் மறைந்துபோகும், தெரிந்துதான் செய்தேன்.

துடிப்பை எண்ணும்போது ஒன்றைக் கவனியுங்கள். அலை இறங்கும் வழியில் சின்னதாக இன்னொரு மேடு வரும். அதையும் எண்ணினால் 72 என்பது 144 ஆகும். ஒரு உச்சம் கண்டபிறகு 300 மில்லிசெக்கனுக்குக் கண்ணை மூடுங்கள். கடைசி ஏழு இடைவெளிகளை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுங்கள், சராசரி வேண்டாம்.

சரிபார்க்க ஒரு ஆளும் ஒரு மணிக்கூடும் போதும். மற்றக் கையின் நாடியில் விரல் வைத்து முழு 60 செக்கனும் எண்ணுங்கள். 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்கினால், ஒன்று தவறினாலே நாலு பிழைக்கும். 5 நிமிடம் இருந்தபடி, சைக்கிள் மிதித்த உடனே, வயலில் வேலைக்கு நடுவில் என்று தனித்தனியே எழுதுங்கள். கூட வந்ததையும் குறைய வந்ததையும் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி பார்த்தால் பிழை ஒளிந்துவிடும், வித்தியாசத்தின் அளவை மட்டும் எடுங்கள். மருத்துவத் துடிப்புக் கருவிகளுக்கான அமெரிக்க நியமம் 10 வீதம் அல்லது 5 துடிப்பு, இரண்டில் எது பெரிதோ அதுவரை விடுகிறது. நானும் அதையே எல்லையாக வைத்தேன். நெஞ்சு நொந்தால் இந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு இருக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.

இருந்தபடி பார்த்தால் பிழை இப்போது இரண்டு மூன்று துடிப்புக்குள் நிற்கிறது, லாண்ட்மாஸ்ரரில் ஆறு. வரம்பில் நடக்கும்போது பெரும்பாலும் கோடுதான். அப்பா அதைப் பார்த்துவிட்டு நின்று, மூச்சு வாங்கி, எண் வந்தபிறகு நடக்கிறார்.