ஆணி குத்திய டியூப்லெஸ் டயர்: பிடுங்குவதற்கு முன்

டியூப்லெஸ் டயரில் ஆணியைப் பார்த்ததும் கை தானாக அதைப் பிடுங்கப் போகும். பிடுங்காதீர்கள். துளையை அடைத்து நிற்பதே அந்த ஆணிதான். காற்று மெதுவாகத்தான் கசியும். காற்றடித்துக்கொண்டே பக்கத்துக் கடைவரை போய்விடலாம்.

முழுக்க இறங்கிவிட்டதா? ஓரமாக நிறுத்தி ஸ்டெப்னி மாட்டுங்கள். நூறு, இருநூறு ரூபாயில் முடிகிற பஞ்சர், 'கடை பக்கத்தில்தானே' என்று காற்றில்லாமல் உருட்டினால் புது டயர் செலவில் போய் நிற்கும். ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் பக்கச்சுவர் மடிந்து நசுங்கிச் சூடேறும், உள்ளிருக்கும் நூலிழைகள் அறுபடும். கழற்றினால் உட்புறம் ரப்பர் கருந்தூளாக உதிர்ந்து கிடக்கும். அந்த டயருக்கு வைத்தியம் கிடையாது.

துளை தரையில் படும் பட்டைப் பகுதியில், 6 மி.மீ.க்குள் இருந்தால் மட்டுமே அடைக்கலாம். தோளிலோ (பட்டை முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் ஓரம்) பக்கச்சுவரிலோ குத்தியிருந்தால் கடைக்காரர் 'ஒட்டித் தர்றேன் சார்' என்றாலும் வேண்டாம். குழியில் அடித்துப் பக்கவாட்டில் முட்டை மாதிரி வீங்கியிருந்தாலும் அப்படித்தான்: உள்ளே நூலிழை அறுந்துவிட்டது, எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது.

நீங்களே அடைப்பதானால் பஞ்சர் கிட்டில் மூன்று பொருள் முக்கியம்: அரம் போன்ற திருகுக் கம்பி, காதுள்ள ஊசிக் கம்பி, ரப்பர் திரி. முதலில் திரியை ஊசிக் காதில் பாதிவரை கோத்துப் பசை தடவித் தயாராக வையுங்கள். ஆணி எந்தச் சாய்வில் இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு குறட்டால் இழுங்கள். அதே சாய்வில் திருகுக் கம்பியை நான்கைந்து முறை ஏற்றி இறக்குங்கள். வேறு கோணத்தில் குத்தினால் இன்னொரு வழி உண்டாகி, அடைத்த பிறகும் கசியும்; வீட்டில் போட்ட பஞ்சர் பலதும் தோற்பது இங்கேதான். பிறகு ஊசியை அழுத்தி, திரியின் இரு நுனியும் ஒன்றரை செ.மீ. வெளியே நிற்கும்போது வெடுக்கென்று நேராக இழுங்கள், திருகாமல். நுனிகளை 2 மி.மீ. விட்டு நறுக்குங்கள். இழுத்து நறுக்கினால் திரி உருவிக்கொண்டு வரும். காற்றடித்து, சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். குமிழி வந்தால் வேலை முடியவில்லை.

நெடுஞ்சாலைப் பயணம் அதிகமென்றால் திரியோடு நிறுத்தாமல், டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் பேட்ச் (காளான் வடிவ ரப்பர் ஒட்டு; காம்பு துளையை அடைக்கும், குடை உட்புறம் ஒட்டும்) போடச் சொல்லுங்கள். கூடுதல் செலவுதான், ஆனால் உட்புறச் சேதத்தையும் கண்ணால் பார்த்துவிடலாம்.

சாலையோரக் கடையில் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். ஒரு துளையோடு போன டயர் நான்கு பஞ்சரோடு திரும்பும் வித்தை பல ஊர்களில் உண்டு. சோப்புத் தண்ணீர் ஊற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள், குமிழி வந்த இடத்தில் சாக்பீஸால் வட்டமிடுங்கள்.

ஸ்டெப்னிக்கும் மாதம் ஒருமுறை காற்றடியுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் காற்றழுத்தம் எத்தனை பிஎஸ்ஐ என்று இருக்கும். ஸ்டெப்னி மற்ற சக்கரங்களைவிடச் சிறிதாக இருந்தால் அதன்மேல் எழுதியிருக்கும் வேக வரம்பைத் தாண்டாதீர்கள். பஞ்சர் போட்டதும் பழைய சக்கரத்தை மாட்டிவிடுங்கள்.